அடுக்குத் தும்மலும் வீட்டுக் காற்றும்: ஐப்பசி மழை முதல் போகி வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து தை பிறக்கும்வரை கையில் கைக்குட்டையோடு திரிகிறவர்களுக்காக எழுதியது இது. சென்னையையும் அதையொட்டிய கடலோர ஊர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். எந்த ஏர் பியூரிஃபையர் வாங்கலாம் என்பதுதான் உங்கள் ஒரே கேள்வி என்றால் அதற்கும் பதில் உண்டு, ஆனால் தூசிப் பூச்சியைப் பற்றிய பகுதியில் வரும் காரணத்தால்தான் அது பிற்பகுதியில் இருக்கிறது.

நம் ஊரில் அலர்ஜி சீசன் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வெளிநாட்டில் சொல்கிற சீசன் இல்லை. அங்கே வசந்தம் வந்ததும் மரமும் புல்லும் பூத்து மகரந்தம் பறக்கும், மூக்கு ஒழுகும். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு. அக்டோபர் நடுவில் மழை தொடங்கினால் டிசம்பர் வரை சுவர் காயாது, துணி காயாது, மெத்தையும் காயாது. அந்த ஈரத்தில் பூஞ்சையும் தூசிப் பூச்சியும் கொழிக்கும். மழை ஓய்ந்தால் மார்கழிப் பனி. அந்த மாதத்துக் காலை வேளையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் இருப்பதால், பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல ஆகிவிடுகிறது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் நம் மூக்கு உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் உச்சம் போகி. இதற்கு நடுவே மழையில் தழைத்த புல்லும் பார்த்தீனியமும் காலி மனைகளில் பூத்து நிற்கும்.

எனக்கு எதனால் தும்மல் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே, எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள், பாதி துப்பு அதிலேயே கிடைத்துவிடும். காலையில் கண் விழித்து எழுந்து உட்கார்ந்ததும் அடுக்காகத் தும்மல், பல் தேய்த்துக் காபி குடித்து வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் படுக்கையைச் சந்தேகப்படுங்கள். பீரோவைத் திறந்தால், பழைய புத்தகத்தைப் புரட்டினால் வருகிறது என்றால் பூஞ்சை. வீடு பெருக்கும்போது வந்தால் தூசி, அதாவது மறுபடியும் தூசிப் பூச்சி, கரப்பான் எச்சம், இரண்டும் சேர்ந்த கலவை. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் தொண்டை கமறுகிறது என்றால் ஊதுபத்தியும் கொசுவர்த்தியும்.

புகையால் வருவது சரியான அர்த்தத்தில் அலர்ஜி அல்ல, எரிச்சல். ஆனால் ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் மூக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, கொஞ்சம் புகை பட்டாலும் கொட்டத் தொடங்கிவிடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் இருக்கிறது. அதற்குப் போவதற்குச் சில நாள் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தோலில் ஒன்றுமே தடிக்காது. எத்தனை நாள் என்பதை டெஸ்ட்டுக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூசிப் பூச்சி என்றால் மூட்டைப் பூச்சியா?

இல்லவே இல்லை. மூட்டைப் பூச்சி கண்ணுக்குத் தெரியும், கடிக்கும். தூசிப் பூச்சி ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், கடிக்காது. சிலந்தி வகையறாவைச் சேர்ந்தது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பு வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் அதனால் பிழைக்க முடியாது. சென்னையில் மழைக்காலத்து ஈரப்பதம் 80-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதை வைத்து அதன் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நமக்குத் தும்மல் வரவைப்பது பூச்சிகூட அல்ல, அதன் எச்சம். இந்த எச்சத் துகள்கள் கொஞ்சம் கனமானவை. படுக்கையை உதறும்போது கிளம்பிச் சில நிமிடங்களிலேயே மறுபடி கீழே படிந்துவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போர்வையை ஒரே ஒரு உதறு உதறிப் பாருங்கள். அந்த வெளிச்சக் கீற்றில் மினுமினுத்துக்கொண்டு இறங்குவது எல்லாம் பூச்சி எச்சம் அல்ல, துணி நாரும் தோல் செதிலும்தான் அதிகம், ஆனால் ராத்திரி முழுவதும் அதற்குள்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குகிறோம். அறையின் மூலையில் ஓடும் பியூரிஃபையரால் இதை ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் துகள் அதன் வாய்க்குப் போவதற்குள் தலையணைக்குத் திரும்பிவிடுகிறது.

சரி, படுக்கையை என்னதான் செய்வது?

தலையணை உறை, விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி வேண்டும். வாஷிங் மெஷினில் ஹீட்டர் இருந்தால் அந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து ஊறப்போடுங்கள், கை ஜாக்கிரதை. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் போய்விடும், பூச்சி மட்டும் குளித்துவிட்டு உயிரோடு இருக்கும். மழை நாளில் காயாதே என்பீர்கள். அப்படியென்றால் இரண்டு செட் போதாது, மூன்றாவது ஒன்று வாங்கி வையுங்கள், பியூரிஃபையரைவிட எவ்வளவோ மலிவு.

தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை கிடைக்கிறது. பிளாஸ்டிக் ரெக்சின் உறையைச் சொல்லவில்லை, அதில் படுத்தால் முதுகு வியர்த்துக் கொட்டும். துணி உறைதான், ஆனால் அதன் கண்கள் பூச்சி எச்சத்தைவிடச் சிறியதாக இருக்கும். உறையை மட்டும் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே விட்டால் பெரிதாக வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெயில் அடித்தால் மெத்தையையும் தலையணையையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். நல்ல வெயிலில் பல மணி நேரம் கிடந்தால் பூச்சி காய்ந்து சாகும். ஆனால் செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேதான் இருக்கும், அதனால் உள்ளே கொண்டுவரும் முன் மாடியிலேயே இரண்டு பக்கமும் தட்டி எடுங்கள், தும்மல் இருப்பவர் அதைச் செய்ய வேண்டாம். குழந்தையின் பஞ்சுப் பொம்மையைத் துவைக்க முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீஸரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு உதறித் துடையுங்கள்.

இலவம் பஞ்சு நல்லதா, ஃபோம் நல்லதா? பாயில் படுத்தால் தீர்ந்துவிடுமா?

இலவம் பஞ்சு இயற்கையானது என்பதால் அலர்ஜி வராது என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. பூச்சிக்கு இயற்கை, செயற்கை பேதம் இல்லை. ஈரமும் செதிலும் இருக்கும் எந்தத் தலையணையிலும் குடியேறும். பல வருடம் ஆன தலையணை எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். பஞ்சு அடித்துத் தருகிறேன் என்று தெருவில் வருபவரிடம் கொடுத்தால் வீட்டு வாசலிலேயே அடிக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

கோரைப் பாய் நல்ல யோசனைதான். பூச்சி தங்க ஆழமில்லை, துடைக்கலாம், வெயிலில் போடலாம். ஆனால் மழைக்காலத்தில் ஈரத் தரையில் விரித்துச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் பாயிலேயே பூசணம் பிடிக்கும். முதுகு வலி உள்ளவர்களுக்கு இந்தப் பதில் உதவாது என்று தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைக்கவா, சாத்தி வைக்கவா?

இரண்டும். நேரத்தைப் பொறுத்தது. மார்கழி, தையில் விடிகாலை 5 மணிக்கு 'சுத்தமான காற்று' என்று எல்லா ஜன்னலையும் திறப்பது பலருக்குப் பழக்கம், அந்த நேரத்தில்தான் புகை தரையோடு தரையாக நிற்கிறது. வெயில் ஏறி, பத்து மணிக்கு மேல் காற்று அசையத் தொடங்கியதும் திறங்கள். எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்தால்தான் காற்று ஓடும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பெயருக்குத்தான். மழை பெய்து வெறித்த பிறகு திறப்பது நல்லது. மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னல், மெட்ரோ வேலை நடக்கும் தெரு என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பின்பக்கம் திறங்கள். ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊகம் வேண்டாம் என்பவர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி இருக்கிறது. சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களின் அளவு அதில் வரும். பி.எம் 2.5 என்ற நுண்துகளின் அளவைப் பாருங்கள். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை 15 என்று வைத்தது. நம் வரம்புக்குள் இருக்கிறதே என்று ஆஸ்துமாக்காரர்கள் நிம்மதி அடைய வேண்டியதில்லை.

கொசுவர்த்தியும் சாம்பிராணியும் இல்லாமல் நம் வீடு ஓடுமா?

இந்தக் கேள்வியில்தான் சண்டை வரும். வரட்டும்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் பி.எம் 2.5, 75 முதல் 137 சிகரெட் வரை எரித்தால் வரும் அளவுக்குச் சமம் என்று அதில் வந்தது. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் துரத்தி அடிக்கிற நாம், கதவு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் குறைத்து, குழந்தையின் கட்டிலுக்குக் கீழே அதை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். லிக்விட் மெஷினில் புகை இல்லை, ஆனால் மருந்து காற்றில் கலக்கத்தான் செய்கிறது, சிலருக்கு அதுவும் மூக்கைக் கமறும். கொசுவலைதான் சரி. கட்டில்வலை, ஜன்னல்வலை இரண்டும் போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் வந்துவிட்டால் சுருளின் தேவை தானாகவே குறையும்.

சாம்பிராணி, ஊதுபத்தி. 'இது மூலிகை, கிருமியைக் கொல்லும்' என்ற பேச்சை நுரையீரல் கேட்பதில்லை, எது எரிந்தாலும் நுண்துகள் வரும். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் அடைத்திருப்பது கரித்தூளும் மரத்தூளும் சேர்ந்தது, அது எரியும்போது கூடம் முழுக்க மண்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, எந்த அம்மாவும் அதைக் கேட்கப்போவதும் இல்லை. பூஜை அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் இருந்தால் ஓடட்டும், ஐந்து ஊதுபத்திக்குப் பதில் ஒன்று, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை வீட்டில் இளைப்புக்காரர் இல்லாத நேரத்தில் போடுங்கள். நல்லெண்ணெய் விளக்கு இவற்றையெல்லாம்விடப் புகை குறைவு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: தலைக்கு ஊற்றிய கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. தலைமுடி காயும், சளி பிடிக்காது என்று பாட்டிமார்கள் செய்வது. குழந்தை நல மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், அந்தக் குட்டி மூச்சுக் குழாய்க்கு அது தாங்காது. 'பாட்டி, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்' என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், வீட்டில் சமாதானம் இருக்கும்.

சமையலறை?

மிளகாய் தாளித்ததும் வீடே தும்முகிறதே, அது அலர்ஜி இல்லை, காரல் நெடி. ஆனால் எண்ணெய் புகையும்போது வரும் நுண்துகளும், கேஸ் அடுப்பு எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஆஸ்துமாவைக் கிளறும். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சிம்னி வாங்குகிறீர்கள் என்றால் குழாய் வழியாக வெளியே தள்ளுவதுதானா என்று பாருங்கள். வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும் வகை, வாசனையைக் குறைக்குமே தவிர வாயுவை எங்கேயும் அனுப்பாது.

சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. பெயிண்ட் அடித்தால் போய்விடுமா?

போகாது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவர் ஓதம் அடிக்கிறது என்றால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. மொட்டை மாடி விரிசல், மேல் வீட்டுக் குளியலறை டைல் இடுக்கு, வெளிச் சுவரில் இறங்கும் மழைநீர்க் குழாய், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை அடைக்காமல் உள்ளே என்ன செய்தாலும் வீண்.

பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? மழை முடிந்ததும் ஒருமுறை நகர்த்துங்கள். பீரோ நின்ற அளவுக்கு, அதே நீள அகலத்தில், சுவரில் சாம்பலும் பச்சையுமாக ஒரு படலம் இருக்கும், பீரோவின் முதுகுத் தகட்டில் அதன் மறுபாதி. காற்று போகாத இடம், வெளிச் சுவர், இரண்டும் சேர்ந்தால் இதுதான். உள்ளே மடித்து வைத்த பட்டுப்புடவையில் வரும் ஈர வாடையும் இதன் கைங்கரியம்தான். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து விசிறியைப் போடுங்கள். அந்துருண்டை போட்டால் பூச்சி வராது, பூஞ்சைக்கு அது மருந்து இல்லை. நாப்தலின் ஆவி மூக்குக்கும் நல்லதல்ல, சில கைக்குழந்தைகளுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரும் ஆபத்தும் உண்டு.

சின்ன இடத்தில் இருக்கும் பூஞ்சையை மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கலந்து அடிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: அதனோடு டாய்லெட் கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டு இல்லை.

அப்புறம், துணியை ஹாலில் கொடி கட்டிக் காயப்போடுவது. மழைக்காலத்தில் வேறு வழியில்லைதான். ஆனால் அந்தத் தண்ணீரெல்லாம் காற்றுக்குத்தான் போகிறது. ஒரே அறையில் போட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள், படுக்கையறை மட்டும் வேண்டாம்.

ஏ.சி. போட்டால் காற்று சுத்தமாகுமா?

சுத்தமாகாது, ஈரம் குறையும். அந்த ஒரு லாபம் பெரிய லாபம், ஈரம் குறைந்தால் பூச்சியும் பூஞ்சையும் அடங்கும். டிரை மோட் என்று ஒன்று இருக்கிறது, மழைக்காலத்தில் குளிராமல் ஈரத்தை மட்டும் எடுக்க அதைப் போடலாம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. அதனுள் இருக்கும் வலை, தலைமுடியையும் பெரிய தூசியையும் பிடிக்குமே தவிர நுண்துகளை அல்ல. அந்த வலையை மாதம் இரண்டு முறை கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். போட்டவுடன் புளித்த வாடை அடித்தால் உள்ளே காயிலில் பூஞ்சை பிடித்திருக்கிறது, சர்வீஸ் பண்ணாமல் போடாதீர்கள்.

கடைசியில் பியூரிஃபையர் வாங்கலாமா வேண்டாமா?

சுருளை அணைத்து, படுக்கையைச் சரிசெய்து, ஓதத்தை அடைத்த பிறகும் தொல்லை இருந்தால் வாங்குங்கள். புகைக்கும், மகரந்தத்துக்கும், பூனை அலர்ஜிக்கும் அது நன்றாகவே உதவும், தூசிப் பூச்சிக்கு ஏன் அவ்வளவாக உதவாது என்று மேலே சொன்னேன். சுருளை ஏற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் பியூரிஃபையரை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வாங்கும்போது உண்மையான ஹெப்பா வடிகட்டியா என்று பாருங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது அமெரிக்க அளவுகோல். ஐரோப்பாவில் எச்13 என்று போட்டிருந்தால் 99.95. 'ஹெப்பா மாதிரி', 'ஹெப்பா டைப்' என்று அட்டையில் எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது சி.ஏ.டி.ஆர்., அதாவது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தக் காற்றைத் தரும் என்ற எண். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, கிட்டத்தட்ட 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று சுற்றி வரவேண்டும் என்றால் மணிக்கு 170 கன மீட்டர் வேண்டும். ஆனால் அட்டையில் இருக்கும் எண் முழு வேகத்தில் அளந்தது, அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். ஸ்லீப் மோடில் அது பாதிகூட வராது. அதனால் 250, 300 என்று தாராளமாகவே வாங்கி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம், 50 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட். செலவு வடிகட்டியில்தான் இருக்கிறது, மெஷின் விலையைக் கேட்கும் முன் மாற்று வடிகட்டி என்ன விலை, உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அயனைசர், ஓசோன் என்று கூடுதல் சிறப்பு இருந்தால் அந்தப் பட்டனை அணைத்தே வையுங்கள். ஓசோன் வானத்தில் உயரத்தில் இருந்தால் நல்லது, படுக்கையறையில் நுரையீரலை அரிக்கும்.

மணி பிளான்ட், பாம்புச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்கிறார்களே, நாசாவே சொன்னதாமே?

நாசா 1989-இல் ஓர் ஆய்வு செய்தது உண்மை, மூடிய சிறு பெட்டிக்குள். உங்கள் வீடு மூடிய பெட்டி இல்லை. 2019-இல் அப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தவர்கள், ஜன்னல் இடுக்குவழியாகச் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில சமயம் 1000 வரை தேவை என்றார்கள். அந்தக் குறைந்த கணக்கிலேயே ஒரு சின்னப் படுக்கையறைக்கு நூறு தொட்டி. அழகுக்கு வையுங்கள், தொட்டி மண் எப்போதும் ஈரமாக இருந்தால் அதிலும் பூஞ்சை வரும்.

வீடு பெருக்குவதில் என்ன தவறு?

மின்விசிறி ஓட, தென்னந்துடைப்பத்தால் வேகமாகப் பெருக்குவதுதான் தவறு. கீழே படிந்து சமர்த்தாகக் கிடந்த தூசியை எழுப்பி முகத்துக்கு நேரே விடுகிறோம். விசிறியை நிறுத்துங்கள், மேலிருந்து கீழே வாருங்கள்: ஒட்டடை, விசிறி இறக்கை, ஜன்னல், கடைசியில் தரை. தரையை ஈர மாப் போட்டுத் துடைத்தால் போதும். விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை ஒன்றை இறக்கை முழுவதும் மூடும்படி மாட்டி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும். சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூசியை இழுத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும், ஹெப்பா வைத்தது என்றால் சரி. பொங்கலுக்கு லாஃப்ட்டைக் காலி செய்யும் அன்று என்95 மாஸ்க் இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள்.

பூனை, கரப்பான், புறா?

பூனை அலர்ஜி முடியால் வருவதல்ல, அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதத்தால். மிக நுண்ணியது என்பதால் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், பூனை வீட்டை விட்டுப் போன பிறகும் மாதக்கணக்கில் சோபாவில் தங்கியிருக்கும். படுக்கையறைக்குள் மட்டுமாவது விடாதீர்கள். கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தால் அந்த மருந்தே மூக்கைக் கெடுக்கும், ஜெல் மருந்தைச் சிங்க்குக்குக் கீழே, சிலிண்டர் பின்னால், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் புள்ளி புள்ளியாக வையுங்கள். செத்ததைப் பெருக்கித் தள்ளியபின் அந்த இடத்தைத் துடையுங்கள், அலர்ஜி எச்சத்திலும் உதிர்ந்த உடல் துணுக்கிலும்தான்.

புறாவை அலட்சியம் செய்யாதீர்கள். அடுக்குமாடி வீடுகளில் ஏ.சி. அவுட்டோர் யூனிட் மேல் கூடு கட்டி, எச்சம் காய்ந்து தூளாகி ஜன்னல் வழியே வரும். அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலே அழற்சி கண்டு தடித்துப்போகும், அது தும்மலோடு நிற்கிற விஷயமல்ல. வலை அடித்துவிடுங்கள், எச்சத்தை ஈரப்படுத்தி அள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

நெஞ்சில் விசில் சத்தம், ராத்திரி இருமலில் தூக்கம் கலைவது, மாடிப்படி ஏறினால் இளைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நேராக மருத்துவமனைக்கு. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து மாத்திரையோடு இழுத்தடிப்பவர்கள் இன்னும் நிறைய. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் இன்ஹேலரில்தான் அளவு குறைவு. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், போட்டால் அந்த மருந்தாலேயே மூக்கு அடைக்கும். டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு, அது உடனே கேட்காது, தினமும் அடித்தால் சில நாளில் பலன் தெரியும். உப்புநீரால் மூக்கைக் கழுவுபவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

போகியன்று?

2018 போகியன்று காலை புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் எரிக்காவிட்டாலும் பக்கத்துத் தெருவில் மேளத்தோடு எரியும். முதல் நாள் ராத்திரியே ஜன்னல்களைச் சாத்தி, கதவடியில் ஈரத்துணி போட்டு, பியூரிஃபையர் இருந்தால் முழு வேகத்தில் வைத்து, இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். மதியம் காற்று வீசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். காலை நடைப்பயிற்சிக்கு அன்று விடுமுறை.

பொங்கலுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் போகிக்கு முந்தின வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள், ஜன்னலைச் சாத்த வேண்டிய நேரத்தில் பெயிண்ட் வாடையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பழைய வீடு என்றால் பழைய பெயிண்டை உலர்வாகச் சுரண்ட விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்திய பூச்சில் என்ன இருக்கிறதோ.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் ஓதத்தைச் சரிசெய்ய மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

முதலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தேதியோடு அனுப்பி வையுங்கள், வாய்ப் பேச்சு காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் ஆகிவிடும். 'உங்கள் சுவர் கம்பி துருப்பிடிக்கும், கான்கிரீட் பெயர்ந்து விழும்' என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் தும்மலைவிட அது அவர் காதில் ஏறும். அதற்கும் அசையவில்லை என்றால் அந்தச் சுவரை ஒட்டி எந்தச் சாமானும் வைக்காதீர்கள், கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள், ஓதம் இல்லாத அறையைப் படுக்கையறை ஆக்கிக்கொள்ளுங்கள், அது ஹாலாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வீடு பார்க்கப் போகும்போது ஏப்ரல், மே மாதத்தில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நவம்பரில், நல்ல மழைக்கு மறுநாள் போய், பீரோ வைத்திருக்கும் மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள்.